குடத்தில் கேட்ட நாடி

அந்த வருஷத்துக் கடைசிப் புயல் புன்னைமேட்டுக் கரையில் பாதியைத் தின்றுவிட்டுப் போன நாற்பத்தோராம் நாள், தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, தண்ணி லாரி வந்துபோய், பெண்கள் குடங்களை நிரப்பி அடுப்படியில் வரிசையாக வைத்து, ஆண்கள் அவற்றிலிருந்து ஆளுக்கொரு சொம்பு மொண்டு குடித்துவிட்டுக் கடலுக்குப் போய், வெயில் ஏறி மணி ஒன்பது ஆனபோது, வேதவல்லியின் வீட்டில் பச்சைப் பிளாஸ்டிக் குடம் ஒன்று துடிக்க ஆரம்பித்தது.

உள்ளே தவளை விழுந்துவிட்டது என்று நினைத்து வேதவல்லி தண்ணீரை வேறொரு குடத்துக்கு மாற்றினாள். தவளை இல்லை. பச்சைக் குடம் அடங்கிப்போய், தண்ணீர் மாறிய நீலக் குடம் துடித்தது. அவள் பக்கத்து வீட்டு அரசியைக் கூப்பிட்டாள். மங்கையர்க்கரசி என்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தாலும் ஊருக்கு அவள் அரசிதான். அரசி குனிந்து குடத்தில் காதை வைத்தாள்.

"அண்ணி, இது தவள இல்ல. மூணு தடவ அடிச்சிட்டு ஒரு தடவ தயங்குது."

வேதவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூன்று தடவை அடித்து ஒரு தடவை தயங்குவது அவள் புருஷன் சாமிக்கண்ணுவின் நெஞ்சு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் கொடுத்த தயக்கம் அது. பதினோரு வருஷம் அவள் தலை வைத்துப் படுத்த நெஞ்சு.

உச்சி வெயிலுக்குள் புன்னைமேட்டின் அறுபத்திரண்டு வீடுகளிலும் குடங்கள் துடித்தன. கடலில் இருந்தவர்களின் நாடி, அவர்கள் கடைசியாகக் குடித்த குடத்தில் கேட்டது. படகு திரும்பி, கால் மணலில் பட்டதும் குடம் அடங்கியது.

ஏன் என்று ஊர் ஒரு வாரம் யோசித்தது. அங்காளம்மன் கோயில் பூசாரி புயல் என்றார், லாரி டிரைவர் தண்ணி எடுக்கும் போர்வெல்லின் ஆழம் என்றார், பட்டணத்திலிருந்து கருவிகளோடு வந்த மூன்று பேர் மூன்று நாள் தங்கிப் பதிவு செய்ததில் காக்கைச் சத்தமும் லாரி ஹாரனும் மட்டுமே பதிந்திருந்ததால் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். பிறகு ஊர் ஏன் என்பதை விட்டுவிட்டு எப்படி என்பதைப் பார்த்துக்கொண்டது. பித்தளையில் கேட்காது, எவர்சில்வரில் கேட்காது, பிளாஸ்டிக் குடத்தில் மட்டும் கேட்கும் என்று கண்டுகொண்டார்கள். குடத்துக்கும் குடத்துக்கும் நடுவில் ஒரு முழம் விடாவிட்டால் அப்பன் நாடியும் மகன் நாடியும் பின்னிக்கொள்ளும் என்று கண்டுகொண்டார்கள். குடம் இருக்கும் அறையில் மிக்ஸி ஓடக்கூடாது என்றும், கோயில் ஒலிபெருக்கி படகுகள் கடலில் இருக்கும் பகலில் பாடக்கூடாது என்றும் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். கல்யாணமாகாத ஒருவனின் நாடி அவன் வீட்டில் கேட்காமல் எதிர்வரிசையில் ஒரு பெண்ணின் வீட்டில் கேட்டபோது, ரெண்டு வீட்டையும் கூப்பிட்டு உட்காரவைத்து மாசி மாதத்தில் நாள் குறித்தார்கள்.

ஆனால் பயத்துக்கு எந்தத் தீர்மானமும் போட முடியவில்லை. முன்பெல்லாம் புன்னைமேட்டுப் பெண்கள் இரண்டு தடவைதான் பயந்தார்கள்: படகு போகும்போது ஒரு தடவை, திரும்பும் நேரம் தாண்டினால் ஒரு தடவை. நடுவில் இருந்த நேரத்தில் மீன் விற்றார்கள், சண்டை போட்டார்கள், பேன் பார்த்தார்கள். இப்போது நடுவில் நேரமே இல்லை. நாடி ஓடினால் ஏன் ஓடுகிறது? வலை இழுக்கிறானா, அலை எழும்பிவிட்டதா, இல்லை பெரிய மீன்கூட்டத்தைக் கண்டுவிட்டானா? குடம் அதைச் சொல்லாது. சோற்றுக்கு உலை வைத்தவள் பாதியில் ஓடிவந்து காதை வைப்பாள், குழந்தைக்குப் பால் கொடுப்பவள் குழந்தையோடு வந்து காதை வைப்பாள், தெருவில் ஒரு வீட்டில் யாராவது 'ஐயோ' என்று சொல்லிவிட்டால் வெறும் தேள் கொட்டியதற்காக இருந்தாலும் அறுபத்திரண்டு வீட்டிலும் அறுபத்திரண்டு பேர் குனிவார்கள்.

அந்த மாசி மாதக் கடைசியில் சாமிக்கண்ணுவின் படகு கரையிலிருந்து பதின்மூன்று மணி நேரத் தொலைவில், வயர்லெஸ்ஸும் எட்டாத இடத்தில் இருந்தபோது, வலை இழுக்கும் வின்ச்சில் ஓடிய இரும்புக்கயிறு தெறித்து அவன் தொடையைக் கிழித்தது. கரையில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்ததெல்லாம், காலை பதினொரு மணிக்கு வேதவல்லியின் குடத்தில் நாடி விரட்டப்பட்டதுபோல ஓட ஆரம்பித்தது என்பதுதான். ஒரு மணிக்கு அது இன்னும் வேகமாகி மெலிந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் அவள் வீட்டுக்குள்ளும் வாசலிலும் நின்றார்கள். மூன்று தடவை அடித்து ஒரு தடவை தயங்கியது, ஐந்து தடவை அடித்து இரண்டு தடவை தயங்கியது, அப்புறம் தயக்கமே அதிகமானது. மூன்றே முக்காலுக்கு நின்றது. யாரும் அழவில்லை. ஒருவேளை திரும்பவும் அடிக்கும் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள்.

மறுநாள் படகு வந்தது. காயத்தில் காப்பித்தூளை அப்பியிருந்தார்கள், மேலே ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றியிருந்தார்கள், அம்மனுக்கு வேண்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "துணியச் சுருட்டி வச்சு, கைய எடுக்காம, யாராவது பலமா அழுத்திப் புடிச்சிருந்தா பொழைச்சிருப்பாரு."

அழுத்திப் பிடித்திருந்தால். அந்த ஒரு சொல் தெருவில் வீடு வீடாகப் போனது. படகில் ஆறு பேர், ஆறு பேருக்கும் பன்னிரண்டு கை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வேதவல்லி அரசியைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் ஹபீபா தடுப்பூசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், கடவுள் எங்களுக்குக் கேக்குறதுக்குக் காதக் குடுத்துட்டான். செய்யறதுக்குக் கை இல்ல. நீங்க கத்துக்குடுங்க."

ஹபீபா சிஸ்டர் சித்திரையில் வந்தாள். அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் இருந்தன, குடங்கள் வெறும் தண்ணீராக இருந்தன. மீன் ஏலம் போடும் கொட்டகையில் சிமெண்டுத் தரையில் பாய் விரித்து, காலும் கையும் இல்லாத ரப்பர் பொம்மை ஒன்றைப் படுக்கவைத்தாள். படகுக்கு ஒரு ஆண் வரவேண்டும் என்று பஞ்சாயத்தில் பேர் எழுதியிருந்தார்கள். எழுதிய முப்பத்து நாலு பேரில் பத்தொன்பது பேர் வந்தார்கள். எழுதாத பெண்கள் அறுபது பேர் வந்தார்கள்.

ரத்தம் வந்தால் எங்கே அழுத்துவது, எலும்பு முறிந்தால் துடுப்பை வைத்து எப்படிக் கட்டுவது, தீப்பட்ட இடத்தில் எத்தனை நேரம் தண்ணீர் ஊற்றுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தபோது ஆண்கள் ஒழுங்காகக் கேட்டார்கள். தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவனின் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும் என்றபோது கொட்டகையே சிரித்தது. வேடிக்கை பார்க்க வந்து கம்பத்தில் சாய்ந்து நின்ற பக்கிரிசாமிதான் முதலில் பேசினான். அவன் அரசியின் அண்ணன்.

"செத்தவன் வாயில வாய வக்கிறதா? எங்க காலத்துல டிரம்மு மேல கவுத்துப் போட்டு உருட்டுவோம், தண்ணி தன்னால வந்துரும்."

"வர்றது வயித்துத் தண்ணிண்ணே" என்றாள் ஹபீபா. "மூச்சு வராது. நீங்க உருட்டி முடிக்கிறதுக்குள்ள ஆளு போயிருவாரு. நாலு நிமிசம்தான் கையில இருக்கு."

"நாலு நிமிசமா" என்று சிரித்துக்கொண்டே பக்கிரிசாமி போய்விட்டான். அவன் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் போகும் படகுக்காகப் பேர் கொடுத்துப் பொம்மைக்கு முன்னால் மண்டி போட்டிருந்தது தில்லைநாதன், அரசியின் புருஷன். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கிரிசாமி தன் மகனுக்குத் தங்கச்சி மகளை முறைப்படி பெண் கேட்டான். பெண் காரைக்காலில் படிக்கப் போகிறாள், படிக்கட்டும் என்றான் தில்லைநாதன். அன்றோடு பேச்சு நின்றது. ஆனாலும் இருவரும் ஒரே படகில்தான் போனார்கள், ஒரே வலையின் இரண்டு ஓரத்தைத்தான் இழுத்தார்கள். "கயித்த விடச் சொல்லு அந்த ஆளை" என்று மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்பிக்கொள்வார்கள். அரசியைக் கோயிலில் பார்த்தாலும் பக்கிரிசாமி தூணைப் பார்த்துக்கொண்டு போவான்.

பெண்கள் தலையணையில் அழுத்திப் பழகினார்கள், அரிசி மூட்டையில் பழகினார்கள், தூங்குகிற புருஷன் மேல் பழகி அடிவாங்கப் பார்த்தார்கள். அரசிக்கு மணிக்கட்டு வீங்கியது. கற்றுக்கொண்டால் பயம் குறையும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். குறையவில்லை. முன்பு அவர்களுக்குக் கடல் மட்டும்தான் தெரியும், இப்போது நாலு நிமிஷம் என்பதும் தெரியும். உலை கொதிக்க நாலு நிமிஷம், தெருமுனைக்குப் போய்வர நாலு நிமிஷம், சடை பின்ன நாலு நிமிஷம் என்று எல்லாவற்றையும் அதை வைத்தே அளந்து அளந்து பயந்தார்கள்.

ஆனியில் தடை முடிந்து படகுகள் போயின. குடங்கள் மறுபடி துடித்தன.

ஆடி மாதத்து வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு மேல், அரசி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். குடத்தில் தில்லைநாதனின் நாடி வேகமாக ஓடியது. வலை இழுக்கும் நேரம், அப்படித்தான் ஓடும். அப்புறம் அது வலை இழுக்கும் வேகத்தையும் தாண்டி ஓடியது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஓட்டம் சட்டென்று தளர்ந்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அதற்கப்புறம், கேணிக்குள் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல அவள் காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை.

அவள் கத்தவில்லை. மீன் செதில் ஒட்டிய கையோடு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். நிறைகுடத்தோடு ஓடுகிற பெண்ணைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வேதவல்லி தன் வீட்டிலிருந்து அப்படியே எழுந்து பின்னால் ஓடினாள். கதவுகள் திறந்துகொண்டே வந்தன.

வயர்லெஸ் அறை ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. ரத்தினவேலு அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க படகக் கூப்புடுங்க."

அவர் குடத்தைப் பார்த்தார், டீயை வைத்தார், கூப்பிட்டார். கரகரப்புக்கு அப்புறம் ஒரு குரல் வந்தது. நாலு வருஷமாக அவளிடம் பேசாத குரல்.

"கரை, கரை... மாப்ளய கயிறு இழுத்துருச்சு... வலையோட உள்ள போயிட்டாரு... இப்பத்தான் தூக்கிப் போட்டோம். மூச்சு இல்ல. டிரம்மு எடுக்கச் சொல்லியிருக்கேன்."

அரசி மைக்கைப் பிடுங்கினாள். "டிரம்மு வேணாம்ணே!"

"அரசியா?"

"மல்லாக்கப் போடு. தலையப் பின்னால சாய்ச்சு தாடையத் தூக்கு. வாயில எதாவது இருந்தா எடுத்துரு. மூக்கப் புடிச்சுக்கிட்டு வாய வச்சு ஊது. அஞ்சு தடவ."

என்ஜின் ஓடும் சத்தமும், யாரோ அம்மனைக் கூப்பிடும் சத்தமும் மட்டும் வந்தன.

"அண்ணே, ஊதுனியா?"

"அரசி... இந்தாளு படிச்சிட்டு வந்தாரே, நாங்க ஒருத்தரும் படிக்கலயே. எங்கைக்கு என்னா தெரியும்?"

"எனக்குத் தெரியும். நீ ஊது. நாலு வருசமா அந்த மொகத்தப் பாக்காம இருந்த இல்ல, இப்பப் பாரு. நெஞ்சு மேல எழும்புதான்னு பாரு."

ஐந்து தடவை ஊதும் நேரம் போனது. பிறகு மூச்சிரைக்கும் குரல் வந்தது. "எழும்புது. ஊதுனா எழும்புது. வுட்டா அடங்கிருது."

"இப்ப நெஞ்சு நடுவுல கைய வச்சு அழுத்து. ஒரு கை மேல ஒரு கை. முழங்கை மடங்கக்கூடாது. முப்பது அழுத்து, ரெண்டு ஊது. மைக்க ஒருத்தன் புடிக்கட்டும். வேதவல்லி அண்ணி எண்ணுவாங்க, அந்த வேகத்துக்கு அழுத்து."

வேதவல்லி மைக்கை வாங்கினாள். மாசி மாதத்திலிருந்து தெருவில் உரக்கப் பேசாதவள், ஏலக் கொட்டகையில் மீன் ஏலம் விடுகிற குரலில் எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." வாசலில் நின்ற பெண்களும் சேர்ந்து எண்ணினார்கள், அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எண்ணினார்கள். முப்பது வந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, பதினாறு மைலுக்கு அப்பால் ஒருவன் இரண்டு தடவை ஊதும் நேரம் தாங்களும் மூச்சை விடாமல் நின்றார்கள்.

அரசி தரையில் மண்டியிட்டுக் குடத்தில் காதை வைத்திருந்தாள். அழுத்துவது கேட்டது. ஈரத்துணியைத் தட்டுவதுபோல மெலிதாகக் கேட்டது.

"பத்தல. இன்னும் ஆழமா அழுத்தச் சொல்லுங்க."

"பக்கிரி, இன்னும் ஆழமா!" என்றாள் வேதவல்லி.

இப்போது நன்றாகக் கேட்டது. தொம், தொம், தொம். ஆனால் அது தில்லைநாதனின் நாடி இல்லை, அண்ணனின் கை. கையை எடுத்து ஊதும்போது குடத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

மூன்றாவது சுற்றில் பக்கிரிசாமி கத்தினான். "என்னமோ ஒடைஞ்சிருச்சு! உள்ள மொறுக்குன்னு ஒடைஞ்சிருச்சு!"

"ஒடையட்டும், நிறுத்தாத" என்றாள் அரசி. அவள் சொன்ன விதத்தில் வயர்லெஸ் அறையில் நின்ற ஆண்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

நாலு நிமிஷம் எப்போதோ போயிருந்தது. அதை எல்லாருமே அளந்திருந்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. ஆள் மாற்றி மாற்றி அழுத்தச் சொன்னாள். வேறு கை வந்தபோது குடத்தில் சத்தம் குழைந்தது, முழங்கையை நிமிர்த்தச் சொன்னாள், சத்தம் சரியானது. பதினோராவது நிமிஷத்தில், தொம் தொம் என்ற இரண்டு அழுத்தத்துக்கு நடுவில், எந்தக் கையும் போடாத ஒரு அடி விழுந்தது.

அரசி ஒரு கையைத் தூக்கினாள். தெரு அடங்கியது.

"நிறுத்துங்க. கைய எடுங்க."

குடத்தில் மறுபடி ஒன்று. பிறகு இன்னொன்று, அவசரமாக, வழி தெரியாமல் ஓடிவருகிறவன்போல. வயர்லெஸ்ஸில் யாரோ பெரிதாக ஓங்கரிக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து பக்கிரிசாமி கெட்ட வார்த்தையில் சாமியைத் திட்டும் சத்தமும் வந்தன.

"ஒருக்களிச்சுப் படுக்க வை" என்றாள் அரசி. "ஈரத்துணிய அவுத்துட்டுக் காஞ்சதப் போத்து. உடனே கரைக்கு வா. தூங்க வுட்டுராத. பேசிக்கிட்டே இரு."

"என்னா பேச?"

"எதையாவது பேசு."

படகு வந்துசேர இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டரை மணி நேரமும் மைக்கைப் பிடித்திருந்தவன் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டதால் பக்கிரிசாமி பேசியதெல்லாம் கரைக்குக் கேட்டது. முதலில் அவன் மீன் விலையைப் பேசினான், காற்றைப் பேசினான். பிறகு அவனுக்குப் பேச எதுவும் இல்லாமல் போய், நாலு வருஷத்தைப் பேச ஆரம்பித்தான். பெண்ணைக் கொடுக்காதது தப்பு என்றான். கொடுக்காததுகூட இல்லை, தன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல் நாலு பேர் நடுவில் சொன்னதுதான் தப்பு என்றான். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கவில்லை என்றான். போன வருஷம் தில்லைநாதனுக்குக் காய்ச்சல் வந்தபோது கருப்பட்டி வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன் என்றான். "கேக்குதா மாப்ள? கண்ணத் தொற. நான் பேசுறப்ப நீ தூங்கினா நான் மறுபடி பேசமாட்டேன், பாத்துக்க" என்றான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அரசி மட்டும் கேட்கவில்லை. அவள் குடத்தைத்தான் கேட்டாள். நாடி சில நேரம் பின்தங்கியது, அவள் உதடு தானாக எண்ணியது, நாடி மறுபடி வந்து சேர்ந்துகொண்டது.

படகு முகத்துவாரத்தில் தெரிந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது, ஹபீபா சிஸ்டரும் ஆக்சிஜன் உருளையோடு வந்திருந்தாள். தில்லைநாதனைப் பலகையில் வைத்து இறக்கினார்கள். பலகையின் ஓரம் மணலைத் தொட்டது. குடம் நின்றது.

கரை வந்ததும் குடம் அடங்கும் என்று ஏழு மாதமாக அரசிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இருந்தும் அவள் அப்போதுதான் முதல் தடவையாக அலறினாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். ஹபீபா அவள் கையைப் பிடித்துத் தில்லைநாதனின் கழுத்தில் வைக்கவேண்டியிருந்தது. "இங்க இருக்கு பாருங்க. இங்க."

நுரையீரலில் தண்ணீர் புகுந்திருந்ததால் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. கரையில் கிடக்கும் ஆளுக்குக் குடம் உதவாது. அரசி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லா ஊர்ப் பெண்களையும்போல, எதுவும் தெரியாமல் காத்திருந்தாள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. விலா எலும்பில் இரண்டு முறிந்திருந்தன. வெளியே வராந்தாவில் நாலு நாளும் நின்றுகொண்டிருந்த பக்கிரிசாமி, எலும்பு முறிந்த செய்தியைக் கேட்டு உள்ளே வரக் கூசினான். அரசிதான் இழுத்துவந்தாள்.

தில்லைநாதன் அவனை வெகுநேரம் பார்த்தான். பேசினால் நெஞ்சு வலித்தது.

"மச்சான்... ஒன் வாயில பொகயில நாத்தம்."

"அப்பறம் என்னாத்துக்குக் கண்ணத் தொறந்த?" என்று சொல்லிவிட்டுப் பக்கிரிசாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பெண் விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. அது அங்கேயே இருந்தது.

அடுத்த வாரம் பஞ்சாயத்தில் பக்கிரிசாமி எழுந்து நின்றான். "எல்லாரும் கத்துக்கணும். கொட்டகையில இல்ல, கடல்ல. சிமெண்டுத் தரையில கத்துக்கிட்டா அங்க நிக்காது. படகு ஆடுறப்ப முட்டி வழுக்குது, கை எடம் மாறுது. பாதி அழுத்தம் வீணாப் போச்சு."

ஹபீபா வருவதாகச் சொன்னாள். ஆனால் தான் இதுவரை படகு ஏறியதில்லை, துணைக்கு அரசியும் வேதவல்லியும் வேண்டும் என்றாள். பேச்சு அங்கேதான் முட்டி நின்றது. பெண் ஏறினால் படகுக்கு ஆகாது என்று ஊர்த்தலைவர் சிங்காரவேலு சொன்னார். மூன்று நாள் அதையே சொன்னார். மூன்றாம் நாள் பக்கிரிசாமி கேட்டான்: "அன்னைக்கு எம்படகுல ஏறுனது யாரு கொரலு தலைவரே? அதுக்கு நாங்க தீட்டுக் கழிக்கல. ஒரு ஆளு உசிரோட எறங்குனாரு." தலைவர் தானும் கூட வந்து பார்ப்பேன் என்று மட்டும் சொன்னார்.

ஆவணி மாதத்து ஒரு காலையில் படகு கரையிலிருந்து மூன்று மைல் போய் என்ஜினை நிறுத்தியது. மேற்கத்திக் காற்று அடித்தது. ரப்பர் பொம்மையைத் தளத்துப் பலகையோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஹபீபா ஒரு பக்கமும் அரசி இன்னொரு பக்கமும் வாந்தியெடுத்தார்கள்; பன்னிரண்டு ஆண்களும் மரியாதையாக அடிவானத்தைப் பார்த்தார்கள். வேதவல்லிக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவள் நடுத்தளத்தில் காலை அகட்டி நின்றுகொண்டு, சாமிக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

அரசி வாயைக் கழுவிக்கொண்டு திரும்பியபோதுதான் உணர்ந்தாள். இங்கே எந்த நாடியும் கேட்கவில்லை. எட்டு மாதமாக ஊரின் எல்லா நெஞ்சையும் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு இங்கே படகில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்டது. முன்னால் நிற்கும் பன்னிரண்டு பேரில் யார் பயந்திருக்கிறான், யார் தைரியமாக இருக்கிறான், யாருக்கு உள்ளே என்ன ஓடுகிறது, எதுவுமே தெரியவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கவேண்டியிருந்தது. அவள் பார்த்தாள். பயம் போகவில்லை. அது அவளோடு வந்து மண்டி போட்டு உட்கார்ந்தது.

"கால் வெரல இப்புடிப் பலகையில முட்டுக் குடுத்துக்கங்க" என்று செய்துகாட்டினாள். "முட்டிய அகட்டிக்கங்க. படகு சாயறப்ப ஒடம்பு சாயலாம், கை சாயக்கூடாது. யாரு மொதல்ல?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் சிங்காரவேலு, அறுபத்தேழு வயது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கஷ்டப்பட்டு ஒரு முட்டியை ஊன்றினார், அப்புறம் இன்னொன்றை. கைமேல் கை வைத்தார். ஒரு அலை வந்து படகைத் தூக்கியது, எல்லாரும் எதையாவது பிடித்தார்கள். தலைவர் எதையும் பிடிக்கவில்லை. அழுத்தினார்.

அரசி குனிந்து பொம்மையின் நெஞ்சைப் பார்த்தாள்.

"பத்தல, தலைவரே" என்றாள். "இன்னும் ஆழமா."